நோட்டில் இல்லாத கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். பாம்பன் பக்கத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் 22 வருஷம் கணக்கு எழுதியவன் நான். எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் போனது, யார் எவ்வளவு பாக்கி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் தைரியத்தில்தான், எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பொருளாளராக இருக்கச் சொன்னபோது உடனே சரி என்றேன்.

பழைய பொருளாளர் எனக்கு மாமா முறை. ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே நோட்டுகளும், கட்டுக் கட்டாகப் பில்களும். எங்கள் உப்புக் காற்றில் ஸ்டேப்ளர் பின் ஒரு மழைக்காலம் தாங்காது. துரு இறங்கி, சரியாகத் தொகை எழுதிய இடத்தைத் தின்றிருந்தது. இப்போது நான் பில்களை ஊசிநூலால் தைத்து வைக்கிறேன். வலை பின்னுகிற ஊரில் நூலுக்கா பஞ்சம்! நோட்டைப் பார்த்தால் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, கடைசியில் கையிருப்பு. கூட்டலில் ஒரு தப்புகூடக் கிடையாது.

ஆனால் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். ஒரு திருவிழா முடிந்த கையோடு கோயில் வளாகத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறார்கள். அதற்குப் போன பணத்தில் பாதி, குருசடி, அதாவது சிலுவை வைத்த சின்னக் கோயில், கட்டுவதற்கென்று துபாயில் வேலைபார்க்கும் நம் பையன்கள் அனுப்பியது. மாமாவிடம் கேட்டேன். "மாப்பிள்ளை, தண்ணி முக்கியமா இல்லையா? குருசடிக்கு அப்புறம் பாத்துக்கலாம். நோட்டுல இல்லாதது எல்லாம் என் தலையில இருக்கு" என்றார்.

ஒரு பைசா அவர் தன் கைக்கு எடுத்ததில்லை. வானொலியில் சத்தியமாகவே சொல்கிறேன். நானே அவர் இடத்தில் இருந்தாலும் கிணறுதான் போட்டிருப்பேன், ஐஸ் கம்பெனி புத்தி அது. அங்கே பெட்டியில் விழுவதெல்லாம் முதலாளி பணம். டீசலுக்கு வைத்ததைச் சம்பளத்துக்குக் கொடுத்தால் கேட்க ஆளில்லை. பங்குத்தந்தைதான் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் வருஷச் சட்டத் தொகுப்பில் 1267-ஆவது விதி: ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம். பூசைக் கருத்துக்கு, அதாவது இன்னாருக்காகப் பூசை வையுங்கள் என்று, வரும் பணத்துக்குத் தனிப் புத்தகமே வைக்க வேண்டும், அது 958-ஆவது விதி.

பழைய நோட்டுகளை நான் திருத்தி எழுதவில்லை. பத்து வருஷக் கணக்கைக் கிண்டினால் ஊரில் சண்டைதான் மிஞ்சும். ஏப்ரல் 1 என்று ஒரு கோடு போட்டோம். அன்று காலை நான், மாமா, நிதிக்குழுவில் இருக்கும் ஒரு டீச்சர், மூவரும் பெட்டிப் பணத்தை எண்ணி, பாஸ்புக்கில் இருந்த இருப்பையும் குறித்து, மூன்று கையெழுத்துப் போட்டோம். அதுதான் தொடக்க இருப்பு. அப்புறம் மூன்று சாயங்காலம் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் தலையில் இருந்ததை இறக்கினேன். எந்தப் பணம் எதற்கு வந்தது, திருவிழா ஏலத்தில் எடுத்த ஆட்டுக்கு யார் இன்னும் தரவில்லை, பந்தல்காரருக்கு எவ்வளவு நிற்கிறது, எல்லாம்.

வங்கிக் கணக்கு பழையபடி ஒன்றுதான். பேரேட்டில் மட்டும் குருசடி, திருவிழா, ஏழைகள் நிதி, பொது என்று தனித்தனிப் பக்கம். கிணற்றுக்குப் போன தொகையை, குருசடிக்குப் பொது நிதி தரவேண்டிய கடன் என்று எழுதினேன். மாமாவுக்குச் சிரிப்பு. "கோயிலுக்குக் கோயிலே கடனா?" ஆமாம் மாமா என்றேன். இன்னும் பாதி நிற்கிறது.

ஏப்ரலில் கணக்கைத் தொடங்குவதில் எங்கள் கடற்கரைக்கு ஒரு சங்கடம் உண்டு. 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி கேட்டுப் போனால் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். வரும் என்று நம்பிப் பெயின்ட் அடிக்க ஆள் கூப்பிட்டால், கை மறுபடியும் குருசடிப் பணத்துக்குத்தான் போகும். அதனால் அந்த இரண்டு மாதக் கரண்ட் பில்லையும் பங்குத்தந்தைக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் சம்பளத்தையும் மார்ச்சிலேயே ஒதுக்கிவிடுகிறோம்.

வெளிநாட்டுப் பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பல ஊரில் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். துபாய்ப் பையன்கள் இந்தியக் குடிமக்கள். சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. கனடாவில் குடியுரிமை வாங்கிவிட்ட உறவுக்காரர் அனுப்பினால் வரும், அவர் இந்த மண்ணிலேயே பிறந்தவர் என்றாலும். அதற்கு 2010-ஆம் வருஷ வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி வேண்டும். 2020 திருத்தத்துக்கு அப்புறம் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் பிரதானக் கிளையில் இருக்கும் கணக்கில்தான் அந்தப் பணம் வந்து சேர வேண்டும். எங்களிடம் அந்த அனுமதி இல்லை. "அனுப்பாதீங்க தம்பி" என்று ஒருவருக்குப் போனில் நானே சொல்லவேண்டி வந்தது. கோபித்துக்கொண்டார்.

ஏலப் பாக்கிப் பட்டியலை எழுதி முடித்ததும் சரிபார்க்க மாமாவிடமே கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்துவந்தவர் நாலாவது பேரில் நின்றார். "என் பேரையும் போட்டிருக்க?" முந்தின திருவிழாவில் அவர் ஏலம் எடுத்த கிடா. அந்த ஒன்றை மட்டும் அவர் திண்ணையில் சொல்லவில்லை. அத்தைதான் சொன்னது. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், அப்புறம் சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார்.

"தடை முடிஞ்சு படகு கடலுக்குப் போகட்டும், தர்றேன்" என்றார்.

தேதி போட்டு அதையும் எழுதிக்கொண்டேன். வணக்கம்.