நகர்குடிக்கு முதலில் வழிப்படம்

அவைத்தலைவர் அவர்களே, நாவல் போட்டியின் நடுவர்களாக முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த எழுத்தாளர்களே, கேட்ட மாத்திரத்தில் இந்த அரங்கைத் திறந்துவிட்ட நூலகர் அம்மையார் அவர்களே, பதிப்பாளப் பெருமக்களே, மாய உலகங்களை இரவெல்லாம் கண்விழித்து எழுதும் இளைய தோழர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். வரவேற்புரை ஆற்றிய தம்பி ஒருவர் பெயரையும் விடவில்லை. நான் யாரையாவது விட்டிருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொள்ளும் தோழருக்கும் நன்றி.

மாய உலகில் இடம்விட்டு இடம் நகர்ந்து வாழும் ஒரு நாடோடிக் குடி, நான் ‘நகர்குடி’ என்று சொல்வது, அதன் இயற்கை வழிபாடு. இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். அந்தக் குடி எப்படி நகர்கிறது, எதைக் கும்பிடுகிறது, ஊர்க்காரர்களோடு எப்படிப் பேரம் பேசுகிறது.

நம் கதைகளில் இப்படி ஒரு குடி வந்தால் என்ன செய்கிறது? மரத்தைத் தொட்டுக் கண்ணை மூடுகிறது. நாயகன் கையில் ஒரு மூலிகையையும் காதில் ஒரு ஆரூடத்தையும் கொடுத்துவிட்டு மறைந்துவிடுகிறது. நேற்று எங்கே படுத்தார்கள், இன்று என்ன தின்றார்கள், நாளை ஏன் கிளம்புகிறார்கள் என்பதற்குக் கதையில் ஒரு வரி கிடையாது. நம் திணை இலக்கணம் நிலத்தையும் பொழுதையும்தான் முதற்பொருள் என்றது. தெய்வம் அதற்கு அடுத்த கருப்பொருளில், உணவு, விலங்கு, மரம், பறை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வருகிறது. அந்த வரிசையை மாற்றாதீர்கள் என்றுதான் மன்றாடுகிறேன்.

“ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு” என்பார்கள். நாடோடியின் சாமியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பழமொழி போதும்.

ஐந்து குடும்பம், 500 செம்மறி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் ஆட்டுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்றால் 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டும். தோல்வாளி 20 லிட்டர் பிடித்தால் 125 முறை இறைக்க வேண்டும். கிணறு மணிக்கு 100 லிட்டர்தான் ஊறுகிறதா? 25 மணி நேரம் ஆகும். ஒரு நாளில் அடங்காது! மந்தையை இரண்டாகப் பிரிக்க வேண்டும், அல்லது இன்னொரு கிணற்றுக்காரனிடம் போய் நிற்க வேண்டும். அண்ணன் ஒரு வழி, தம்பி ஒரு வழி. மந்திரம் ஒன்றும் இல்லாமலே கதை பிறந்துவிட்டது பாருங்கள்.

“ஏழாம் இரவும் தங்கினால் நிலத்தாய் கோபிப்பாள்” என்று அந்தக் குடிக்கு ஒரு விலக்கு வையுங்கள். வெற்று நம்பிக்கை அல்ல இது. சூடும் ஈரமும் சேர்ந்தால், ஆட்டுப் புழுக்கையில் கிடக்கும் வயிற்றுப்புழு முட்டைகள் பொரித்து, ஒரு வாரம் போல ஆனதும் இளம்புழுக்கள் பனியீரத்தோடு புல்நுனிக்கு ஏறிவிடும். மேய்கிற ஆடு அதையும் சேர்த்து விழுங்கும். கடிபட்ட புல்லும் அதற்குள் தளிர்விடத் தொடங்கியிருக்கும். அந்தத் தளிரையும் கடித்தால் வேர் சோர்ந்து, அடுத்த ஆண்டு அங்கே புல் மெலிந்துபோகும். ஏழாம் இரவுக்கு முன்பே கிளம்பினால் நிலத்தாயும் குளிர்ந்தாள், ஆடும் பிழைத்தது. மங்கோலியாவில் கணவாய்களிலும் குன்றுகளிலும் ‘ஓவோ’ என்னும் கற்குவியல்கள் இருக்கின்றன. வழிப்போக்கர் ஒரு கல்லைச் சேர்த்து மூன்று முறை வலம் வருவார்கள். கும்பிட்டது குன்றை. குவியல் வளர வளர, தூரத்திலிருந்து வருகிறவனுக்கு அதுவே வழி காட்டுகிறது. ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு!

அடுத்து நெருப்பு. 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் சுமார் 5,300 ஆண்டுக்கு முந்தைய மனிதர் ஒருவரின் உடல் கிடைத்தது. அவரோடு ஒரு பிர்ச் மரப்பட்டைக் கலமும் கிடைத்தது. அதற்குள் மேப்பிள் இலைகளும் கரித்துணுக்குகளும் இருந்தன. கனலை இலையில் பொதிந்து நடந்திருக்கிறார்.

இதை வைத்து நகர்குடியில் ஒரு பாட்டியைக் கற்பனை செய்வோம். அவள்தான் தீக்காரி. கிளம்பும் நாளில் வைரமேறிய விறகின் கனலைப் பெருவிரல் அளவுக்கு இரண்டு துண்டு எடுப்பாள். பட்டைக் கலத்தின் அடியில் சாம்பல், அதன்மேல் பச்சை இலை நாலைந்து அடுக்கு, நடுவே கனல், மேலே மறுபடி இலை, மூடியில் ஒரு சிறு துளை. இப்படி இரண்டு கலம். ஒன்று மந்தைக்கு முன்னே போகும், ஒன்று பின்னே வரும். அன்று பாட்டிக்குக் காய்ச்சல். புது மருமகள் இரண்டையும் வாங்கிக்கொண்டாள். கனல் தூங்கட்டும் என்று முதல் கலத்தின் துளையையும் சேர்த்து அடைத்துவிட்டாள். உச்சிவேளையில் திறந்தால் உள்ளே கருங்கரி! பயந்துபோய் இரண்டாவதை அடிக்கொரு தரம் திறந்து திறந்து ஊதினாள். கனல் கொழுந்துவிட்டது, இலை சுருண்டது, பட்டை பொசுங்கியது. கலம் இருந்ததோ கழுதையின் முதுகில். முதுகு சுட்டதும் கழுதை கத்திக்கொண்டு ஓடியது, ஆடு அதன் பின்னால், நாய் ஆட்டின் பின்னால், ஐந்து குடும்பமும் நாயின் பின்னால்! பாட்டி போர்வையோடு எழுந்து வந்து சொன்னாள்: “தீ கைக்குழந்தை மாதிரியடி. போர்த்தவும் வேணும், மூச்சு விடவும் வேணும்.”

அந்தக் குடி இனி ஒரு பாட்டுக்கு ஒரு முறை கலத்தைத் திறக்கும். மூன்று முறை மெல்ல ஊதி, கனல் எளிதில் பற்றும் உலர்ந்த மரப்பூஞ்சை ஒரு சிட்டிகை வைத்து மூடும். அந்தப் பாட்டுதான் தீயின் தோத்திரம், இடைவெளியின் அளவும் அதுவே. அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு.

இரண்டு கனலும் போனால் ஊருக்குள் போய்த் தீக்கடன் கேட்க வேண்டும். அங்கேதான் மூன்றாவது செய்தி, இரவில் ஆட்டை ஊரார் வயலில் அடைத்துக் கிடை போட்டு உரம் கொடுத்து ஊரோடு பேசும் பேரம், தொடங்குகிறது. தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். அதைவிட அவசரமான வேண்டுகோள் ஒன்று இருப்பதால் இதை இங்கேயே விடுகிறேன்.

நடுவர் பெருமக்களே, பதிப்பாளர்களே, நாடோடிக் குடி வரும் எந்த மாய உலக நாவலையும் வழிப்படம் இல்லாமல் ஏற்காதீர்கள். முதல் பக்கத்திலேயே அதை அச்சிடுங்கள். ஒரு வட்டம், 12 பங்கு. எந்தெந்த மாதம் எங்கே தண்ணீர் என்பதை முதலில் குறிக்க வேண்டும், அடுத்தது புல். குட்டி ஈனும் காலம் புதுப்புல்லோடு பொருந்த வேண்டும். செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய ஐந்து மாதம், ஆகவே கிடாய் சேர்க்கும் மாதத்தைப் பின்னோக்கி எண்ணிக் குறியுங்கள். ஆற்றைக் கடக்கும் துறை, கணவாய், கடைசிக் கிணறு ஆகிய ஆபத்தான இடங்களைச் சுழியுங்கள். தெய்வங்களை அந்தச் சுழிகளில் வையுங்கள்.

வாசல் மேசையில் வட்டம் வரைந்த தாள்கள் வைத்திருக்கிறேன். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போங்கள். வணக்கம்.