டிவியில் கோடு விழுந்தால் யாரைப் பிடிப்பது, கடையையா கம்பெனியையா?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பொருளின் பெயரை மட்டும் மாற்றி இதே கதையை ஏழெட்டுப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒருவருக்கு ஃபிரிட்ஜ், ஒருவருக்கு வாஷிங் மெஷின், இவருக்கு டிவி.

கும்பகோணத்திலிருந்து ஓர் அம்மா அனுப்பியிருக்கிறார். போன தீபாவளிக்கு முன்னால் திருச்சியில் ஒரு ஷோரூமில் 43 இன்ச் டிவி வாங்கியிருக்கிறார். விலை 32,500 ரூபாய், மாதத் தவணை. பதினெட்டாம் நாள் திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. கடைக்குப் போன் செய்தால் கம்பெனியின் டோல் ஃப்ரீ நம்பரைக் கொடுத்துவிட்டார்கள். டெக்னீஷியன் வந்தார், மூன்று வாரம் கழித்துப் பேனலை மாற்றினார். ஐந்தாம் மாதம் மறுபடியும் கோடு. இந்த முறை போர்டை மாற்றினார்கள், போகவில்லை. இப்போது மூன்றாவது முறையாக வந்தவர் ஜாப் ஷீட்டில், அதாவது பார்த்த வேலையைக் குறிக்கிற தாளில், 'வோல்டேஜ் பிரச்சினை' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார். கடைக்காரர், "நாங்கள் விற்பதோடு சரி" என்கிறார். ரொம்பக் கேட்டதற்கு, "ஆறாயிரம் சேர்த்துக் கொடுங்கள், வேறு மாடல் தருகிறோம்" என்றாராம். "நான் புது டிவி கேட்க முடியுமா, யாரிடம் கேட்பது, அந்த ஆறாயிரத்தைக் கொடுக்கலாமா?" இதுதான் கேள்வி.

அம்மா, முதலில் ஒன்று. அந்த வோல்டேஜ் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? போடவில்லை என்றால் நல்லது. போட்டிருந்தாலும் குடி முழுகிவிடவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் பத்து வருஷத்துக்கு மேல் ஒரு ஷோரூமில் கவுண்டரில் நின்றவன். அதனால் அந்தப் பக்கத்துக் கதையும் தெரியும். கடைக்காரர் ஏன் உங்களைக் கம்பெனிக்குத் தள்ளுகிறார்? கெட்ட எண்ணம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். விற்ற டிவியை அவர் திரும்ப வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தால், அந்தப் பழைய டிவியின் விலையைக் கம்பெனி அவருக்குத் திருப்பித் தர வேண்டும். கம்பெனி அப்படித் தருவதற்கு அதன் சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு தாள் வர வேண்டும். தொழிலில் அதை டி.ஓ.ஏ. லெட்டர் என்போம். பெட்டியைப் பிரித்த நாளிலிருந்தே பொருள் பழுது என்று சான்று தருகிற கடிதம். இத்தனை நாளுக்குள் பழுது வந்தால்தான் அது கிடைக்கும் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்த நாள் தாண்டிவிட்டால் நஷ்டம் கடைக்காரர் தலையில். அதனால்தான் போனை எடுத்ததும் டோல் ஃப்ரீ நம்பர்.

ஆனால் இது அவருக்கும் கம்பெனிக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல். நீங்கள் பணம் கொடுத்தது கடைக்கு, பில் கொடுத்ததும் கடைதான். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருப்பது, இதைத் தெளிவாகவே சொல்கிறது. குறையுள்ள பொருளை விற்றுவிட்டு, அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. எவ்வளவு நாளுக்குள் கேட்க வேண்டும்? பில்லில் ஒரு காலம் போட்டிருந்தால் அதற்குள். எதுவும் போடவில்லை என்றால் முப்பது நாளுக்குள். உங்களுக்குக் கோடு விழுந்தது பதினெட்டாம் நாள். அதாவது, அன்றைக்கே கடையிடம் எழுத்தில் கேட்டிருந்தால் உங்கள் பக்கம் நல்ல பிடி இருந்திருக்கும். போனில் கேட்டீர்கள், அவர் நம்பர் கொடுத்தார், நீங்களும் அந்த நம்பரைக் கூப்பிட்டீர்கள். எல்லோரும் செய்வது இதைத்தான். அந்த வாரத்தில் நீங்கள் கடைக்கு வாட்ஸ்அப்பில் கோட்டின் போட்டோ ஏதாவது அனுப்பினீர்களா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அது தங்கம், அழித்துவிடாதீர்கள்.

சிலர் பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சிட்டிருப்பதைக் காட்டுவார்கள். கலர் பிடிக்கவில்லை, சைஸ் பெரிதாகிவிட்டது என்று திருப்பித் தரப் போனால் அந்த வரியைக் காட்டட்டும். பழுதான பொருளுக்கு அந்த வரி கேடயம் ஆகாது.

சரி, இனி வாரண்டி. இங்கே உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். வாரண்டி கார்டை எடுத்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் கம்பெனி ஒப்புக்கொள்வது பழுது பார்த்துத் தருவதை மட்டும்தான். புதியது தருவது கம்பெனியின் விருப்பம் என்று பொடி எழுத்தில் இருக்கும். அதனால் முதல் பழுதிலேயே "புது டிவி கொடு" என்று வாரண்டியை வைத்து நின்றால், பழுது பார்த்துத் தருகிறோம் என்று அவர்கள் சொல்வதை, இந்த வழக்குகளை விசாரிக்கிற நுகர்வோர் ஆணையமும் நியாயம் என்றே பார்க்கும். உங்கள் விஷயம் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. பேனல் மாற்றியாயிற்று, போர்டு மாற்றியாயிற்று, அதே கோடு அதே இடத்தில். பழுது பார்ப்பதாகக் கொடுத்த வாக்கை அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. சட்டத்தின் 39ஆம் பிரிவில் ஆணையம் என்னென்ன உத்தரவு போடலாம் என்று வரிசையாக இருக்கிறது. குறையை நீக்கு, குறையில்லாத புதுப் பொருள் கொடு, விலையை வட்டியோடு திருப்பிக் கொடு, நஷ்டஈடு கொடு. இந்த வரிசையில் இரண்டாவதையும் மூன்றாவதையும் கேட்கிற இடத்துக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள்.

வந்துவிட்டீர்கள் என்பதை எதை வைத்துக் காட்டுவீர்கள்? ஜாப் ஷீட்டை வைத்துத்தான். நான் பார்த்தவரை இந்தச் சண்டைகளில் ஜெயிப்பதும் தோற்பதும் அந்த ஒற்றைத் தாளில். டெக்னீஷியன் வருவார், பார்ப்பார், "பார்ட்ஸ் வர வேண்டும்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மூன்று முறை வந்தார் என்று நீங்கள் சொல்வீர்கள், ஒரு முறைதான் வந்தோம் என்று கம்பெனியின் கம்ப்யூட்டர் சொல்லும். இன்னும் மோசம், போனுக்கு வருகிற ஓ.டி.பி.யைக் கேட்பார்கள். அதைச் சொன்னவுடன் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்படும். வேலை முடிந்து, ஒரு மணி நேரம் டிவி ஓடி, கோடு இல்லை என்று கண்ணால் பார்க்கிற வரை அந்த ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள். பாவம், அந்தப் பையனுக்கும் ஒரு நாளைக்கு இத்தனை புகார் மூட வேண்டும் என்று மேலே அழுத்தம் இருக்கும். தண்ணீர் கொடுங்கள், காபி கொடுங்கள், ஓ.டி.பி. கொடுக்க வேண்டாம்.

இப்போது வோல்டேஜுக்கு வருகிறேன். உங்கள் டிவியின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பல டிவிகளில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கும். உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று பார்த்து ஒரு போட்டோ எடுங்கள். மின்சாரம் எகிறினால் பெரும்பாலும் முதலில் அடிபடுவது பவர் சப்ளை போர்டுதான். டிவி ஆனே ஆகாது. செங்குத்தாக ஒற்றைக் கோடு விழுவது வேறு கதை. பேனலின் கண்ணாடி விளிம்பில் மெல்லிய நாடா மாதிரி இணைப்புகள் ஒட்டப்பட்டிருக்கும். அந்த நாடாவில் உள்ள சிப் கெட்டாலோ, ஒட்டு விட்டுப்போனாலோ அந்த வரிசைக்குச் சிக்னல் போகாது, கோடு விழும். பெரும்பாலும் காரணம் இதுதான். அதோடு, அன்றைக்கு உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ், ஃபேன், செட்டாப் பாக்ஸ் எல்லாம் ஒழுங்காகத்தானே ஓடின? இதையெல்லாம் அந்த டெக்னீஷியனிடம் வாதாடாதீர்கள், பிரயோஜனமில்லை. ஜாப் ஷீட்டிலேயே, அவர் எழுதியதற்குக் கீழே, 'இதை நான் ஏற்கவில்லை, வோல்டேஜ் எதுவும் அளந்து பார்க்கப்படவில்லை' என்று உங்கள் கையால் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அப்புறம் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சும்மா கையெழுத்துப் போட்டிருந்தால், இன்றைக்கே அதே வாசகத்தைக் கம்பெனிக்கு மெயிலில் அனுப்புங்கள். வோல்டேஜ்தான் காரணம் என்று அவர்கள் ஆணையத்தில் நின்றால், அதற்கு ஆதாரம் காட்டச் சொல்லி நீங்கள் கேட்கலாம். பரிசோதனை செய்தால்தான் தெரியும் என்ற நிலை வந்தால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

யார் மேல் புகார் கொடுப்பது? இரண்டு பேர் மேலும். ஒருவரை விட்டுவிட்டால் இருப்பவர் இல்லாதவரைக் கை காட்டுவார். கடை முதல் எதிர்தரப்பு, கம்பெனி இரண்டாவது. 'கூட்டாகவோ தனியாகவோ' கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தால், யார் எவ்வளவு என்பதை அவர்களே பிரித்துக்கொள்ளட்டும்.

ஆணையத்துக்குப் போவதற்கு முன் 1915க்கு ஒரு போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். உங்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனால் டோல் ஃப்ரீயில் பேசுகிற பெண்ணிடமிருந்து விஷயம் வேறு மேசைக்குப் போய்விடும். பாதிக்குப் பாதி அங்கேயே முடிவதைப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை என்றால் கடைக்கும் கம்பெனிக்கும் ஒரு கடிதம், ஸ்பீட் போஸ்டில். வாங்கிய தேதி, பழுது வந்த தேதி, யார் எப்போது வந்தார், எதை மாற்றினார், உங்களுக்கு என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும். பதினைந்து நாள் போதும். கோபத்தை அதில் கொட்டாதீர்கள். தேதிகளே திட்டிவிடும்.

அதற்கும் பதில் இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இங்கே நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று. கடை திருச்சியில் இருந்தாலும் நீங்கள் திருச்சிக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அதாவது தஞ்சாவூரில். பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. ஈ-ஜாக்ருதி என்ற இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், 2025 ஜனவரியிலிருந்து இருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் வரை நேரம் உண்டு. அதற்காக இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டாம். எவ்வளவு நாளில் முடியும்? சட்டத்தில் எழுதியிருப்பது மூன்று மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம். நடைமுறையில் அதைவிட இழுக்கும். அதை மனதில் வைத்துத்தான் சமரசத்துக்கு வந்தால் உட்கார்ந்து பேசுங்கள் என்று சொல்கிறேன்.

இடையில் கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு டிவியில் கோடு விழுந்ததைப் பற்றிக் கவலையில்லை. அபராதம் ஏறும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டுகிற உங்கள் சிபில் மதிப்பெண் கெடும், நாளைக்கு நகைக்கடனைத் தவிர வேறு எதற்குப் போனாலும் அதைக் காட்டுவார்கள்.

கடைசியாக அந்த ஆறாயிரம். கொடுக்காதீர்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டேன். அந்த மாடல் நின்றுபோயிருக்கலாம். ஒரு வருஷத்தில் டிவி மாடல்கள் மாறிவிடும். அப்படியென்றால் அதே அளவு, அதே வசதிகள் உள்ள இன்னொன்றைத் தருவது அவர்கள் வேலை. அதற்கு நீங்கள் ஒரு ரூபாய் கொடுக்கத் தேவையில்லை. அவர் காட்டுகிற மாடல் உண்மையிலேயே ஒரு படி மேலே, உங்களுக்கும் அது வேண்டும் என்றால் வித்தியாசத்தைக் கொடுப்பதில் தப்பில்லை. எதைக் கழித்து எதைக் கூட்டி ஆறாயிரம் வந்தது என்று மட்டும் கேளுங்கள். சில இடங்களில் பழைய டிவிக்குத் தேய்மானம் என்று ஒரு தொகையைக் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் வித்தியாசம் என்கிறார்கள். எட்டு மாதத்தில் பாதி நாள் கோட்டோடு ஓடிய டிவிக்கு என்ன தேய்மானம்?

எதை வாங்கினாலும் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். பெட்டி பிரிக்காத புதுப் பொருள், பழுது பார்த்துத் திரும்ப வந்தது இல்லை என்பது. வாரண்டி இன்றிலிருந்து புதிதாக ஓடுமா, பழைய தீபாவளிக் கணக்கிலேயே ஓடுமா என்பது. புதிய சீரியல் நம்பர். மூன்றாவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மாற்றிக் கொடுத்த டிவிக்குப் பழைய பில்லை வைத்துக்கொண்டு போய், "இந்த நம்பரே எங்கள் ரெக்கார்டில் இல்லையே" என்று சர்வீஸ் சென்டரில் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் கவுண்டரில் நின்றபோதே பார்த்திருக்கிறேன்.

அம்மா, உங்களிடம் இருக்கிற ஜாப் ஷீட்களின் தேதிகளை மட்டும் எனக்கு அனுப்புங்கள். கடிதத்தின் மாதிரி ஒன்றை அடுத்த வாரம் அந்தத் தேதிகளை வைத்தே எழுதிக் காட்டுகிறேன்.