ஆடியில் தொடங்கும் பொங்கல்

விழாத் தலைவர், ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே! முன்னிலை வகிக்கும் கூட்டுறவுக் கடன் சங்கச் செயலாளர் அவர்களே! பந்தலுக்கு இடம் தந்த கோயில் அறங்காவலர்களே! தம் வாழ்த்துரையைச் சுருக்கிக்கொண்டு எனக்கு நேரம் தந்த தலைமையாசிரியர் அம்மா அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மண்பாண்டத் தொழிலாளர் குடும்பங்களே! வணக்கம்.

"பொங்கலும் கிராமப் பொருளாதாரமும்" என்பது எனக்குத் தந்த தலைப்பு. கரும்பு, பானை, மாட்டுச் சந்தை, களத்துமேட்டில் ஊர்த் தொழிலாளிகளுக்கு அளந்துவிட்ட நெல் என்று நான்கையும் பேச வேண்டும்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்றார்கள் பெரியவர்கள். விதைப்புக்கு மட்டுமா சொன்னார்கள்? தையில் விற்கிற எந்தப் பொருளுக்கும் வேலை பல மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது.

செங்கரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் கரணை, அதாவது விதைக்கரும்புத் துண்டு, ஊன்றினால்தான் மார்கழிக் கடைசியில் வெட்டலாம். இடையில் காய்ந்த இலையான சோகையை உரிக்க வேண்டும், காற்றுக்குச் சாயாமல் சேர்த்துக் கட்ட வேண்டும். வெட்டியபின் இருபது கரும்பு ஒரு கட்டு. கடித்துத் தின்கிற கரும்பு இது, ஆலைக்கு ஆகாது. பொங்கல் தாண்டினால் கேட்க நாதியில்லை.

2022 டிசம்பரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அரசின் பொங்கல் பரிசு அறிவிப்பு வந்தது: ஆயிரம் ரூபாய், ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை. கரும்பைக் காணோம்! போன பொங்கலுக்குக் கொடுத்தார்களே, இந்தப் பொங்கலுக்கும் வாங்குவார்கள் என்று நம்பி ஊன்றிய கரும்பு ஆளுயரத்துக்கு மேல் வயலில் நிற்கிறது. எட்டு மாத உழைப்பு, விற்கக் கிடைப்பதோ இரண்டு வாரம். விவசாயிகள் போராடினார்கள். ஒரு வாரத்துக்குள் முழுக் கரும்பும் உண்டு என்று அறிவிப்பு மாறியது. ஆறடி உயரம் வேண்டும், வெட்டுக்கூலி, வண்டிவாடகை எல்லாம் சேர்த்து ஒரு கரும்புக்கு உச்சவிலை 33 ரூபாய் என்றார்கள். கூலியும் வாடகையும் போக வயல்காரர் கையில் நிற்பது எவ்வளவு? வைகாசியிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு ஊன்றுவது என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். ஆடிப்பட்டம் தேடி விதை, ஐயா!

கரும்புக்காவது கேட்க ஆள் இருந்தது. பானைக்கு?

பரிசுத் தொகுப்பில் புதுப்பானையும் மண் அடுப்பும் வேண்டும் என்று குயவர்கள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். மார்கழியில் ஒப்புக்கொண்டால் பயனில்லை, ஏன் தெரியுமா? மண் ஏரியில் இருக்கிறது. ஐப்பசியில் ஏரி நிரம்பிவிடும். கோடையிலேயே அள்ளிக் குவித்தாக வேண்டும். களிமண் கூடினால் காயும்போதே பானை வெடிக்கும். மணல் குறைந்தால் அடுப்பில் கீறும். சுக்கான்கல் என்கிற சுண்ணாம்புக் கல் ஒரு துணுக்கு தங்கினாலும் சுட்டபின் ஈரம் வாங்கி, அந்த இடம் பொரிந்து விழும். சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும்போது பானைக்கு அடியே இருக்காது. உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அடி மூட வேண்டும். பிறகு நிழலில் காய வேண்டும். வெயிலில் வைத்தால் விளிம்பு முந்திக் காய்ந்து பிளக்கும். அடைமழையிலும் மார்கழிப் பனியிலும் எப்படிக் காயும்? ஈரம் உள்ளே நின்ற பானை சூளையில் ஆவி கட்டி உடையும். ஒன்று உடைந்தால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உடைக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. புதுப்பானையை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் அரிசி கழுவிய கழுநீர் ஊற்றிச் சிறுதீயில் கொதிக்கவிடுங்கள். பொங்கலன்று வெறும் பானையை எரிகிற அடுப்பில் ஏற்றாதீர்கள். விரிசல் விட்டால் குற்றம் குயவர் மேல் விழுகிறது.

மாட்டுச் சந்தையையும் களத்துமேட்டு நெல்லையும் பேச நேரமில்லை, தலைவர் மணி பார்க்கிறார். கோரிக்கையை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏரி மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-இல் வழி செய்திருக்கிறார்கள். ஏரி வற்றியதும் நம் குயவர்கள் மனு கொடுக்க வேண்டும். ஊராட்சி மன்றம் கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும்: பானைக்கான கொள்முதல் ஆணை ஆடிக்குள் வரவேண்டும், பாதித் தொகை முன்பணமாக வரவேண்டும், புரட்டாசிக்குள் சுட்ட பானையைக் கூட்டுறவுக் கிடங்கில் வைக்கோல் பரப்பி அடுக்க வேண்டும். தீர்மானத்தின் நகல் செயலாளரிடம் இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் யாரும் எழுந்து போய்விடாதீர்கள்.