மாட்யூலிலிருந்து புறப்படும் இரண்டு வழிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கி, சட்டத்தில் பேடுகளைப் பூட்டியாயிற்று. குச்சியால் அடித்தால் வெளியே கேட்பது டப் டப் என்ற ரப்பர் சத்தம் மட்டும். ஹெட்போனை மாட்டினால் கிக்கும் ஸ்நேரும் சிம்பலும் காதுக்குள் முழங்குகின்றன. அந்த முழக்கத்தை அறைக்குள் கொண்டுவர என்ன ஸ்பீக்கர் வாங்குவது, கணினியோடு எப்படி இணைப்பது என்பதைப் பற்றி இன்று பேசுகிறேன்.

பேடுகளிலிருந்து வரும் வயர்கள் எல்லாம் போய்ச் சேரும் பெட்டிக்கு மாட்யூல் என்று பெயர். அதிலிருந்து இரண்டு வகைப் பொருள் வெளியே வருகிறது. ஒன்று ஒலி. மாட்யூலே உருவாக்கிய சத்தம், மின் அலையாக, எல் என்றும் ஆர் என்றும் எழுதிய இரண்டு கால் அங்குல ஜாக்குகள் வழியாக வரும். ஹெட்போன் துளையிலும் வருவது அதுதான். இன்னொன்று மிடி. மிடியில் ஒலி துளிகூடக் கிடையாது. அது வெறும் தகவல். 36-ஆம் எண், அதாவது கிக், அடிக்கப்பட்டது. 38-ஆம் எண், அதாவது ஸ்நேர், அடிக்கப்பட்டது. அடியின் வேகம் 1 முதல் 127 வரையிலான அளவில் இவ்வளவு. அவ்வளவுதான் அது சொல்லும். அந்தத் தகவலை வாங்கிக்கொண்டு சத்தம் எழுப்ப மறுமுனையில் ஒரு மென்பொருள் இருக்க வேண்டும். ‘யூ.எஸ்.பி. கேபிளைச் செருகினேன், லேப்டாப்பில் ஒரு சத்தமும் வரவில்லை’ என்ற புகாரில் பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. வந்தது ஒலி என்று நினைத்திருப்பார்கள், வந்திருப்பது மிடி.

முதலில் ஒலியின் வழி. வீட்டில் கிட்டார் ஆம்ப் இருந்தால் அதில் செருகிப் பார்க்கத்தான் கை போகும். வேண்டாம். கிக் டிரம்மின் அடித்தளம் 50 முதல் 80 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. சிம்பலின் மினுமினுப்பு 10,000 ஹெர்ட்ஸையும் தாண்டும். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கரோ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று இறங்கிவிடும். கிட்டாருக்கு அதுதான் அழகு. அதற்காகவே அதில் ட்வீட்டர், அதாவது உயர்ந்த ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர், வைப்பதில்லை. அதில் ரைடு சிம்பலை அடித்தால் அட்டைப் பெட்டியைத் தட்டுவது போல் கேட்கும். கிக்கின் கனத்துக்கு அந்தக் கூம்பு அளவுக்கு மீறி முன்னும் பின்னும் ஓடும். சத்தத்தைக் கூட்டினால் கிழியவும் கூடும். பாஸ் ஆம்ப் கீழ்ப்பகுதியைத் தாங்கும். ஆனால் பலவற்றில் மேல்பகுதி போதாது.

நமக்கு வேண்டியது தன் பங்குக்கு நிறம் சேர்க்காமல், கீழிருந்து மேல்வரை உள்ளதை உள்ளபடி தரும் ஸ்பீக்கர். டிரம்ஸுக்கென்றே செய்த மானிட்டர்கள் உண்டு. ரோலண்டின் பி.எம்.-100 என்பது 10 அங்குல ஸ்பீக்கரும் 80 வாட் சக்தியும் கொண்டது; பி.எம்.-200 என்பது 12 அங்குலம், 180 வாட். கீபோர்டு ஆம்பும் பொருந்தும். ஆனால் நண்பர்களோடு சேர்ந்து வாசிக்கும் எண்ணம் இருந்தால், ஆம்ப் உள்ளேயே அடங்கிய 12 அங்குல பி.ஏ. ஸ்பீக்கர், அதாவது கூட்டத்துக்குக் கேட்க வைக்கும் மேடை ஸ்பீக்கர், ஒன்றைத்தான் நான் சொல்வேன். கொடுத்த காசுக்குக் கூடுதல் சத்தம் தருவது அதுதான். நாளைக்குப் பாட்டுக்கும் பேச்சுக்கும் உதவும்.

வாட் கணக்கில் ஓர் எச்சரிக்கை. பெட்டியின் மேல் 1,000, 2,000 என்று பெரிதாக அச்சிட்டிருப்பது கண்நேர உச்சத்தின் அளவு. உள்ளே சின்ன எழுத்தில் ஆர்.எம்.எஸ். என்று இருப்பதைத் தேடிப் படியுங்கள்; தொடர்ந்து தரக்கூடிய சக்தி அது. 100 வாட்டிலிருந்து 200 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்கிற அளவு. அப்படியானால் பெரிய ஸ்பீக்கர் எதற்கு? டிரம்ஸின் அடி சராசரியைவிடப் பல மடங்கு உயர்ந்து எழுந்து உடனே அடங்குவது. அந்த எழுச்சிக்கு இடம் இல்லாத சின்ன ஆம்ப் அதன் தலையை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட ஸ்நேர் காகிதம் கிழிவது போல் கேட்கும்.

புளூடூத் ஸ்பீக்கரை இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். சாதாரண புளூடூத் ஒலி வந்து சேர 100 முதல் 200 மில்லி விநாடி பிந்தும். காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடிக்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகிறது. 150 மில்லி விநாடி தாமதம் என்றால், 50 மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரைக் கேட்டு வாசிப்பதற்குச் சமம். யாராலும் தாளம் பிடிக்க முடியாது. போனிலிருந்து பாட்டை மாட்யூலுக்குப் புளூடூத்தில் அனுப்பி அதோடு சேர்ந்து வாசிப்பது வேறு விஷயம்; அதில் தாமதம் ஒரு பொருட்டே அல்ல.

இனி கேபிள். ஒரே ஸ்பீக்கர் என்றால் எல் துளையில் மட்டும் செருகுங்கள். அதன் பக்கத்தில் மோனோ என்றும் எழுதியிருக்கும். ஆர் துளை காலியாக இருப்பதைப் பார்த்து மாட்யூலே இரண்டு பக்கத்தையும் சேர்த்து அனுப்பும். பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு, கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். ஹெட்போன் துளையிலிருந்து இரண்டு வளையம் போட்ட ஸ்டீரியோ கேபிளை எடுத்து ஸ்பீக்கரின் பேலன்ஸ்டு துளையில் செருகிவிடுவார்கள். பேலன்ஸ்டு துளை தனக்கு வரும் இரண்டு கம்பிகளின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்; இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதை இரைச்சல் என்று தள்ளிவிடும். கிக்கும் ஸ்நேரும் நடுவில் வைக்கப்பட்ட ஒலிகள், எல்லிலும் ஆரிலும் ஒரே மாதிரி இருப்பவை. ஆகவே அவை இரண்டும் மாயமாகிவிடும். ஓரத்தில் இருக்கும் டாம்களும் சிம்பல்களும் மட்டும் மெலிந்து கேட்கும். கிக் பேடு கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், கேபிளை மாற்றினால் போதும்.

ஸ்பீக்கரின் பின்னால் மைக், லைன் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் லைனில் வையுங்கள். மைக்கில் வைத்தால் முதல் அடியிலேயே உடைந்த சத்தம் வரும். மிக்சரில் 48 வோல்ட் பேன்டம் பவர், அதாவது சில மைக்குகளுக்குக் கேபிள் வழியாகவே அனுப்பும் மின்சாரம், போட்டிருந்தால் அணையுங்கள். போடும்போது மாட்யூல் முதலில், ஸ்பீக்கர் கடைசியில்; அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில்.

ஸ்பீக்கரை டிரம் சட்டத்துக்குப் பக்கத்தில் தரையில் வைத்தால் இன்னொரு தொல்லை வரும். கிக்கின் அதிர்வு தரை வழியாகச் சட்டத்தில் ஏறி, தொடாத பேடு தானாக ஒலிக்கும். ஒரு ஸ்டாண்டிலோ தடித்த ரப்பர் மேலோ ஸ்பீக்கரை வைத்து, சட்டத்திலிருந்து ஒரு மீட்டராவது நகர்த்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் மாட்யூலில் அந்தப் பேடின் திரெஷோல்டு அளவை, அதாவது எவ்வளவு அடித்தால் பேடு ஒலிக்கும் என்ற வரம்பை, ஒவ்வோர் எண்ணாகக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் மெல்லிய அடிகள் விழாமல் போகும்.

மேடைக்குப் போனால் டி.ஐ. பாக்ஸ் வேண்டும். நம் மெல்லிசைக் குழுக்களில் ரிதம் பேட் வாசிப்பவர்களுக்கு இது பழகிய பொருள். மாட்யூலின் சாதாரணக் கேபிள் 5, 6 மீட்டரைத் தாண்டினால் வழியில் உள்ள இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு வரும். டி.ஐ. பாக்ஸ் அதைப் பேலன்ஸ்டு சிக்னலாக மாற்றி எக்ஸ்.எல்.ஆர். என்ற மூன்று முனைக் கேபிளில் மிக்சர்வரை சுத்தமாக அனுப்பும். ‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டால், அதிலுள்ள கிரவுண்டு லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். அது சிக்னலின் எர்த்தை மட்டும் பிரிக்கும். முனகலைப் போக்க மின்சார பிளக்கின் எர்த் பின்னை உடைப்பதும் எர்த் வயரைக் கழற்றுவதும் உயிரோடு விளையாடுவது. அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

அடுத்து கணினி. உங்கள் மாட்யூலின் யூ.எஸ்.பி. எதை அனுப்புகிறது என்று வாங்கும் முன்பே கேளுங்கள். அலெசிஸ் நைட்ரோ மெஷ் போன்றவை மிடியை மட்டும் அனுப்பும். ரோலண்ட் டி.டி.-17 போன்றவை ஒலி, மிடி இரண்டையும் ஒரே கேபிளில் அனுப்பும். மாட்யூலின் சத்தமே பிடித்திருந்து அதைப் பதிவு செய்தால் போதும் என்றால் இரண்டாவது வகை சுலபம். முதல் வகையிலும் வழி உண்டு: எல், ஆர் இரண்டையும் ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி, ஒன்றின் இரண்டு லைன் துளைகளுக்குக் கொண்டுபோகலாம். அதிலுள்ள இன்ஸ்ட்ருமென்ட் பொத்தான் கிட்டார் போன்றவற்றுக்கானது, அது அணைந்திருக்க வேண்டும்.

மென்பொருளின் சத்தம் வேண்டும் என்றால் தாமதம்தான் எதிரி. ஒலியைக் கணினி சின்னச் சின்னக் கட்டாகச் சேர்த்து அனுப்புகிறது. அந்தக் கட்டின் அளவுக்கு பஃபர் என்று பெயர். நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற வேகத்தில், 128 பஃபர் ஏறத்தாழ 3 மில்லி விநாடி, 512 பஃபர் 11.6 மில்லி விநாடி. மற்ற தாமதங்களும் இதோடு சேரும். மொத்தம் 10-க்குள் நின்றால் கை உணராது. 20-ஐத் தாண்டினால் குச்சி ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். 128-இல் தொடங்குங்கள், பொரிவது போல் சத்தம் வந்தால் 256-க்கு ஏற்றுங்கள். விண்டோஸில் ஏ.எஸ்.ஐ.ஓ. என்ற, தாமதத்தைக் குறைக்கும் டிரைவர் மென்பொருள் இல்லாமல் இது கடினம். ஆடியோ இன்டர்ஃபேஸோடு அது வரும். ஆப்பிள் கணினியில் தனியாகத் தேட வேண்டியதில்லை. டிரம் ஒலித் தொகுப்புகள் பெரியவை. சுப்பீரியர் டிரம்மர் 3 என்ற டிரம் மென்பொருளின் முழுத் தொகுப்பு 230 ஜி.பி.யைத் தாண்டும். அவற்றை எஸ்.எஸ்.டி.யில் வையுங்கள்.

ஒவ்வோர் அடியும் இரண்டு முறை கேட்டால், மாட்யூலின் ஒலியும் மென்பொருளின் ஒலியும் சேர்ந்து ஒலிக்கின்றன என்று அர்த்தம். மாட்யூலில் லோக்கல் கன்ட்ரோலை, அதாவது பேடுகள் மாட்யூலின் சொந்தச் சத்தத்தை எழுப்பும் அமைப்பை, அணையுங்கள். அல்லது ஹெட்போனை இன்டர்ஃபேஸில் மட்டும் மாட்டுங்கள்.

ஹை-ஹாட்டின், அதாவது பெடலால் மூடித் திறக்கும் சிம்பலின், ஓரத்தில் அடித்தால் மட்டும் சத்தமில்லையா? ரோலண்ட் மாட்யூல்கள் ஓரத்துக்கு 22, 26 என்ற எண்களை அனுப்பும்; எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான மிடி எண் பட்டியலில் ஹை-ஹாட்டுக்கு 42, 44, 46 மட்டும்தான். மென்பொருளின் பட்டியலில் உங்கள் மாட்யூலின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பெடல் எவ்வளவு மூடியிருக்கிறது என்பது 4-ஆம் எண் கன்ட்ரோல் தகவலாக, 0 முதல் 127 வரை போகிறது. அழுத்தி மிதித்தும் 90-இல் நின்றுவிட்டால் மென்பொருளில் ஹை-ஹாட் முழுதாக மூடாது, ‘ஸ்ஸ்’ என்று இழுத்துக்கொண்டே இருக்கும். மாட்யூலில் பெடலை மறுபடி அளவு திருத்துங்கள்.

கடைசியாக, லேப்டாப் இரைச்சல். மாட்யூலின் ஒலி ஸ்பீக்கருக்கும் யூ.எஸ்.பி. லேப்டாப்புக்கும் போகும்போது, மௌஸை நகர்த்தினால் மாறும் ஒரு கீச்சொலி கேட்கலாம். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜர் வழி வரும் கசிவு. மாட்யூலில் வட்டமான ஐந்து முனை மிடி துளை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அந்த இணைப்பில், தகவலைப் பெறும் முனையில், அது ஒளியாக மாறித் தாண்டுகிறது. இரண்டு கருவிகளின் எர்த்தும் தொடுவதே இல்லை. 1983-இல் வந்த ஏற்பாடு, இன்றைக்கும் இந்த ஒரு விஷயத்தில் யூ.எஸ்.பி.யை வெல்கிறது. வசதி இருந்தால் பதிவின்போது ஒலியையும் மிடியையும் சேர்த்தே பதியுங்கள். ஸ்நேரின் சத்தம் பிடிக்காவிட்டால், மறுபடி வாசிக்காமலேயே மிடியிலிருந்து வேறு ஸ்நேரை எடுத்துக்கொள்ளலாம்.

வணக்கம்.