அடைபட்ட நாள்களும் அவரவர் மன இயல்பும்

நேயர்களுக்கு வணக்கம். கோவிட்-19 தொற்றைத் தடுக்க 2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, கலகலப்பாகப் பழகுகிறவர்கள்தாம் வாடிப்போவார்கள், ஒதுங்கியே இருப்பவர்களுக்கு வீட்டோடு கிடப்பது புதிதன்று என்ற பேச்சு பினாங்கில் பரவலாக இருந்தது. அந்தப் பேச்சு உண்மையில் ஒரு பகுதியை மட்டுமே தொட்டது. அதனால் உதவி தேவைப்பட்ட சிலர் நம் கண்ணில் படாமலே போனார்கள்.

ஆளுமையை ஐந்து பெருங்கூறுகளாகப் பார்ப்பது உளவியலில் நிலைபெற்ற வழக்கம்: கலந்து பழகும் நாட்டம், பொறுப்புணர்வு, இணக்கம், புதியதை ஏற்கும் மனம், எளிதில் கலங்கும் இயல்பு. இவற்றுள் மன அழுத்தத்தோடு மிக நெருக்கமாகப் பிணைந்திருப்பது எளிதில் கலங்கும் இயல்பே ஆகும்; தனிமை உணர்வோடும், கலந்து பழகும் நாட்டத்தைப் போலவே, அதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. மாலைதோறும் அறிவிக்கப்பட்ட தொற்று எண்ணிக்கையை ஒரே வீட்டில் இருவர் கேட்டிருப்பார்கள்; ஒருவர் எழுந்து அடுப்பைக் கவனிக்கப் போவார், மற்றவரோ நள்ளிரவில் விழித்து, நேற்று கடையில் பக்கத்தில் நின்றவர் இருமினாரா என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்குப் பதில் வரவில்லையென்றால், அவர் வேலையாக இருக்கிறார் என்று முதலாமவர் எண்ணுவார். என்னை ஒதுக்கிவிட்டார் என்று இரண்டாமவர் எண்ணுவார். தனிமை உணர்வு என்பது சுற்றிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கன்று. நாம் விரும்பும் உறவுக்கும் நமக்குக் கிடைக்கும் உறவுக்கும் இடையிலுள்ள தூரமே அது. ஆகவே, பினாங்கின் பிறை நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஆறு பேரோடு வாழ்ந்தவரும் தனிமையில் தவித்திருக்கலாம்.

கலந்து பழகுகிறவர்களின் இழப்பு பொய்யன்று. காவடிகளும் தண்ணீர்ப் பந்தல்களும் இல்லாமல் கழிந்த 2021 தைப்பூசம், ஆண்டுதோறும் பினாங்கில் முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலையின் அடிவாரத்தில் ஓடியாடித் தொண்டு செய்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவர்களில் பலர் தொலைபேசியை எடுத்து நாலு பேரை அழைக்கத் தெரிந்தவர்கள். அமைதியானவர்களுள் ஒரு சாராரின் நிலை வேறு. வேலையிடத்திலும் கோயிலிலும் தானாக நேர்ந்த சந்திப்புகளே அவர்களுடைய உறவு உலகம். அவை நின்றபோது, தாமாக யாரையும் அழைக்காத அவர்களை யாரும் அழைக்கவும் இல்லை. என் மனத்தை இன்றும் வருத்துவது இவர்களின் நிலைதான்.

அமெரிக்காவில் ஏறத்தாழ 1,500 பேரை 2020இன் தொடக்கம் முதல் ஏப்ரல் இறுதிவரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, சராசரியில் தனிமை உணர்வு பெரிதாக உயரவில்லை என்று கண்டது. பிறர் தமக்குத் துணையிருப்பதாக உணர்வது கூடவே செய்தது. இது ஆறுதலான செய்திதான். ஆனாலும் சராசரி என்பது கலங்கிப்போனவரையும் தேறியவரையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் எண்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். 2021இல் சமைக்க அரிசியின்றி உதவி கேட்டு வாசலில் வெள்ளைக் கொடி ஏற்றிய குடும்பத்தின் கலக்கத்தை, அவர்கள் பிறவியிலேயே பயந்த இயல்பினர் என்று விளக்குவது அநீதி. வருமானம் போனால் எந்த மனமும் கலங்கும். அங்கே முதலில் போய்ச் சேர வேண்டியது உணவுப் பொருள்.

இனியொரு தொற்று வந்தால், அழைப்பை இயல்பறிந்து செய்யுங்கள். எளிதில் கலங்குகிறவரிடம் “கவலைப்படாதே” என்பதைவிட, நாளை இத்தனை மணிக்கு அழைக்கிறேன் என்று சொல்லி அதே நேரத்தில் அழைப்பது பயன் தரும். அமைதியானவரிடம் நலம் மட்டும் விசாரித்தால் “நல்லா இருக்கேன்” என்று முடித்துவிடுவார். ஊறுகாய் எப்படிப் போடுவது, குழாயை எப்படிச் சரிசெய்வது என்று அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள், பேச்சு நீளும். இதையும் மீறி ஒருவருக்கு உறக்கமும் உணவும் கெட்டுப்போனால், மலேசிய சுகாதார அமைச்சு நடத்தும் ஹீல் (HEAL) என்ற மனநல உதவித் தொலைபேசிச் சேவையின் 15555 என்ற எண்ணை, நீங்கள் அருகில் இருந்தபடியே, அவரோடு சேர்ந்து அழையுங்கள்.