வெள்ளைக் காருக்கு என்ன பூசலாம்?

வணக்கம் நேயர்களே. தாம்பரம் பக்கத்தில் வாட்டர் வாஷ், பாலிஷ் வேலை செய்யும் சின்னக் கடை ஒன்று என்னுடையது. வெள்ளைக் காரைப் பளபளப்பாக வைத்துக்கொள்வது எப்படி என்று பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். கடைக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் வெள்ளை, இல்லாவிட்டால் சில்வர். அதனால் வாரம் ஒரு தடவையாவது இந்தப் பேச்சு வந்துவிடும். “பக்கத்து வீட்டுக் கறுப்பு வண்டியில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போல இருக்குது. என் வண்டியில் எதைப் போட்டாலும் அந்த மினுக்கு வரமாட்டேங்குதே, நல்ல வாக்ஸா ஒண்ணு சொல்லுங்கண்ணே” என்பார்கள்.

கொஞ்சம் கசப்பான சங்கதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறுப்பு வண்டி மின்னுவது போல வெள்ளை வண்டி மின்னவே மின்னாது. எவ்வளவு விலை கொடுத்து டப்பா வாங்கினாலும் சரி. இப்போதைய கார்களில் பெரும்பாலும் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத பூச்சு ஒன்று இருக்கும். அதன் மேல் நேராக விழும் வெளிச்சத்தில் 100க்கு 4 பங்குதான் கண்ணாடி போலத் திரும்பி வரும். மீதி உள்ளே போய் நிறத்தில் படும். கறுப்பாக இருந்தால் அதை அப்படியே விழுங்கிவிடும். அதனால் அந்த 4 பங்கு மட்டும் தனியாக நம் கண்ணுக்குத் தெரிகிறது, அதில்தான் நம் முகம் தெரிகிறது. வெள்ளை பெயின்டில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. உள்ளே வந்த வெளிச்சத்தில் பெரும்பங்கை அது எல்லாத் திசையிலும் சிதறடித்து வெளியே தள்ளிவிடும். அந்த வெள்ளத்துக்கு நடுவே நம் 4 பங்கு, பட்டப்பகலில் எரியும் தெருவிளக்கு மாதிரிதான்.

அப்படியானால் வெள்ளைக்கு என்னதான் அழகு? வெள்ளையாக இருப்பதுதான். வேட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாக வெளுத்த பிறகுதான் கஞ்சி போடுவோம், இஸ்திரி போடுவோம். அழுக்கு வேட்டிக்குக் கஞ்சி போட்டால் அழுக்கு விறைப்பாக நிற்கும், அவ்வளவுதான். வண்டியில் வெளுப்பு வேலையை விட்டுவிட்டு எந்தக் கஞ்சி நல்ல கஞ்சி என்றே எல்லோரும் கேட்கிறார்கள்.

எங்கள் கடைக்கு வரும் வெள்ளை வண்டிகளில் பல, நாள் முழுக்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்பவை. கிட்டப்போய்ப் பார்த்தால் கதவிலும் டிக்கியிலும் மிளகாய் விதையைவிடச் சின்னதாக, காவி நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். துருப்பிடித்துவிட்டது என்று பயந்து வருவார்கள். தகடு துருப்பிடிக்கவில்லை. தண்டவாளத்திலிருந்தும் பிரேக்கிலிருந்தும் பறந்து வரும் இரும்புத் துகள் கிளியர் கோட்டில் ஒட்டி, மழையில் அதுதான் துருப்பிடித்திருக்கிறது. கறுப்பு வண்டியிலும் இது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையில் காட்டிக்கொடுத்துவிடும். ஷாம்பூவுக்கு இது மசியாது. இதற்கென்றே ‘அயர்ன் ரிமூவர்’ விற்கிறார்கள். அடித்ததும் புள்ளிகள் ஊதா நிறத்தில் கரைந்து வழியும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். முடியைச் சுருட்ட பார்லரில் போடும் மருந்தும் இதே குடும்பம்தான். நிழலில், சூடு ஆறிய வண்டியில் அடித்து, காயும் முன்பே தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும்.

அப்புறம் ஒரு சோதனை. கழுவின வண்டியில், மெல்லிய பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத நறநறப்பு பை வழியாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் கிளே என்கிற களிமண் மாதிரியான கட்டியை, ஷாம்பூத் தண்ணீர் தெளித்துத் தெளித்து அழுத்தாமல் ஓட்ட வேண்டும். கீழே விழுந்த கிளேயை எடுத்துத் திரும்பத் தேய்த்துவிடாதீர்கள். ஒரு மணல் போதும், கோடு போட்டுவிடும்.

போர் தண்ணீர் விஷயமும் உண்டு. வெயிலில் கழுவி அப்படியே காயவிட்டால் உப்புத் திட்டு நின்றுவிடும். ஒரு வருஷம் அப்படியே போனால் வெள்ளை சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். கழுவினதும் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். திருப்பூர் பனியன் வேஸ்ட் துணி கிரீஸ் துடைக்க அருமையான துணி. பெயின்டுக்கு வேண்டாம், அதில் இருக்கும் தையலும் மடிப்பும் கீறும்.

சரி, இப்போது டப்பாவுக்கு வருவோம். வாக்ஸ் என்றால் பெரும்பாலும் கார்னாபா மெழுகு கலந்தது. பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவி மாநிலங்களில் வளரும் ஒரு பனை இனம் அது. அந்த ஊர் வறட்சியில் ஈரம் போய்விடாமல் இருக்க மரம் தன் ஓலைமேல் மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டி, காயவைத்து, தட்டி உதிர்த்து எடுப்பார்கள். மாத்திரை மேலும் மிட்டாய் மேலும் இருக்கும் பளபளப்பு பல நேரம் இதே மெழுகுதான். நம் பனைமரம் எத்தனையோ கொடுத்திருக்கிறது, இதை மட்டும் கொடுக்கவில்லை! சுத்தமான கார்னாபா உருக 82 முதல் 86 டிகிரி வேண்டும், கட்டியாக இருந்தால் செங்கல் மாதிரி இருக்கும். ஆகவே ‘100 சதவீதம் கார்னாபா’ என்று டப்பாவில் போட்டிருந்தால் சிரித்துக்கொண்டே அடுத்த டப்பாவைப் பாருங்கள். பூசுகிற பதத்துக்கு வர வேறு மெழுகும் கரைப்பானும் சேர்த்தே ஆக வேண்டும்.

சீலன்ட் என்பது தொழிற்சாலையில் செய்யும் பாலிமர். மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெயின்டில் மெல்லிய படலமாகப் பிடித்துக்கொள்ளும்.

கார்னாபாவைப் பற்றி ரசிகர்கள் உருகி உருகிப் பேசுவது அது கொடுக்கும் ஆழத்தைத்தான். சிவப்பு, கருநீலம், கறுப்பு வண்டிகளில் நனைந்த மாதிரி ஒரு ஆழம் வரும். அது உண்மை. வெள்ளையில் ஆழப்படுத்த எதுவும் இல்லை. அதோடு, நம் ஊர் வெயிலில் மெழுகு இளகித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பது என் அனுபவம். ஆறு வாரம் நின்றாலே பெரிய விஷயம். சீலன்ட் சுத்தமான வண்டியில் சரியாகப் போட்டால் நாலு மாதம் ஓடும். அதன் பளபளப்பு கண்ணாடி மாதிரி சிலீரென்று இருக்கும், வெள்ளைக்கும் சில்வருக்கும் அதுதான் பொருத்தம். சில்வரில் மினுங்குவது உள்ளே இருக்கும் அலுமினியத் துகள், மேலே மூட்டம் இல்லாமல் இருந்தால் அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆகவே வெளிர் நிற வண்டிக்கு என் ஓட்டு சீலன்டுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து மெழுகு பூசுவதே ஒரு சுகம் என்பவர்கள் சீலன்டுக்கு மேலே வாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். மாற்றிச் செய்யக் கூடாது. கீழே மெழுகு இருந்தால் சீலன்ட் பெயின்டைப் பிடிக்காது.

வெள்ளையில் பூசுவதிலும் ஒரு தொல்லை. பூசின இடம், பூசாத இடம் தெரியாது. ஒரு கதவு முடித்து அடுத்த கதவுக்குப் போங்கள். பூசியதைத் துடைக்கலாமா என்று பார்க்க விரலால் ஒரு இழுப்பு இழுங்கள். கோடு ஈரமாக இழுபட்டால் இன்னும் நேரம் இருக்கிறது, சுத்தமாக விலகினால் துடைக்கலாம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் விட்ட இடம் தெரியும். நிறையப் பூசுவதால் எந்தப் பயனும் இல்லை, துணிதான் வீணாகும். கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகளில் படாமல் பாருங்கள், அங்கே காய்ந்தால் வெள்ளைத் தழும்பு நிற்கும். பல சீலன்டுகளுக்குப் போட்டபின் அரைநாளோ ஒரு நாளோ தண்ணீர் படக் கூடாது. டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

பழைய வெள்ளை வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலிஷ் போடும்போது துணியில் வெள்ளையாக ஒட்டினால் உங்கள் வண்டியில் கிளியர் கோட் கிடையாது, பெயின்டே தேய்ந்து வருகிறது என்று அர்த்தம். பயப்பட வேண்டாம். ஆனால் மாதாமாதம் பாலிஷ் போட்டால் ஒரு நாள் ப்ரைமர் எட்டிப் பார்க்கும். நான் வேலை கற்றுக்கொண்டது அப்படிப்பட்ட வெள்ளை அம்பாசிடர்களில்தான். வாளித் தண்ணீரில் மண்ணெண்ணெய் கொஞ்சம் ஊற்றித் துடைக்கச் சொல்வார் முதலாளி. முடித்ததும் மாப்பிள்ளை மாதிரி நிற்கும் வண்டி. மாலைக்குள் அந்த எண்ணெய்ப் பிசுக்கில் ஊர்ப் புழுதியெல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். மறுநாளும் வாளியை எடுப்போம். புழுதியைத்தான் பெயின்டில் தேய்த்துக்கொண்டிருந்தோம் என்று எனக்குப் புரியவே நாலைந்து வருஷம் ஆனது.

வெள்ளை வண்டிக்காரர்கள் என்னைத் தேடி அதிகமாக வருவது எப்போது தெரியுமா? ஆயுத பூஜைக்கு மறுநாள். பானெட்டில் சந்தனம், அதன் மேல் குங்குமம், மாலையை ஒட்டின டேப் பசை, பூசணிக்காய் உடைத்ததில் தெறித்த குங்குமத் தண்ணீர். மஞ்சள் கறையை விட்டுவிடுங்கள், வெயிலே அதை மங்க வைத்துவிடும். சாயம் கலந்த குங்குமம் அப்படிப் போகாது. பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் சீலன்ட் போட்ட வண்டி என்றால் ஈரத்துணிக்கே பெரும்பாலும் வந்துவிடுகிறது. போடாததற்கு அரைநாள் வேலை.

பொட்டைக் கண்ணாடியில் வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிப் பார்க்கிறேன். போன வருஷம் ஒரு பெரியவர், “நெத்தியில வைக்கிறத யாராவது கண்ணாடியில வைப்பாங்களா தம்பி?” என்று கேட்டுவிட்டு, என் கண் முன்னாலேயே, முந்தின வாரம் நான் சீலன்ட் போட்டுக் கொடுத்த பானெட்டின் நடுவில் மூன்று விரலால் இழுத்தார். மறுநாள் துடைத்தேன். வந்துவிட்டது. நம்பர் பிளேட்டில் வைத்தது மட்டும் இன்னும் இருக்கிறது, அங்கே நான் ஒன்றும் பூசவில்லை.