டயர் தடத்துல படுத்திருக்கிற பறவை! கலிபோர்னியா பீச்ல 40 வருஷ சண்டை

[திரையில்: மணல்ல பதிஞ்ச டயர் தடம், ரொம்ப கிட்டத்துல]

இந்தப் படத்தை ஒரு அஞ்சு செகண்ட் உத்துப் பாருங்க. மணல், டயர் தடம், ரெண்டு காஞ்ச கடல்பாசி. வேற ஏதாவது தெரியுதா?

தெரியலைன்னா தப்பு உங்க கண்ணு மேல இல்ல. அந்தத் தடத்துக்குள்ள ஒரு பறவை படுத்திருக்கு. கடல் காத்து சும்மா விளாசும்ல, அதுக்கு ஒதுங்க ஒரு பள்ளம் வேணும். மனுஷன் நடந்த கால் தடம் கிடைச்சா அதுல படுக்கும், வண்டி போன தடம் கிடைச்சா அதுல படுக்கும். அடுத்து வர்ற வண்டி எந்த வழியா வரும்? மெத்து மெத்துன்னு மணல் இருந்தா எந்த டிரைவரும் முன்னாடி போன தடத்தைப் பிடிச்சுதான் வருவான். அவ்வளவுதான், கதை புரிஞ்சிருக்கும்.

வணக்கம் மக்களே. இன்னைக்கு நாம போற இடம் அமெரிக்காவுல, கலிபோர்னியா கடற்கரையில ஓஷியானோ டியூன்ஸ். லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவுல, பிஸ்மோ பீச் பக்கத்துல. அரசாங்கத்தோட பூங்கா, மொத்தம் சுமார் 3,600 ஏக்கர். அதுல ஏறக்குறைய 1,500 ஏக்கர்ல நீங்க குவாட் பைக், டர்ட் பைக், டியூன் பக்கி எது வேணா ஓட்டலாம். கலிபோர்னியாவுல பொதுமக்கள் காரை நேரா பீச்சுக்குள்ள இறக்கி ஓட்டக்கூடிய மாநிலப் பூங்கா இது ஒண்ணுதான். இந்த "ஒண்ணுதான்" இருக்கே, மொத்தச் சண்டைக்கும் வேர் அதுதான்.

வரலாறு ரெண்டு வரியில முடிச்சிடுறேன், தூங்கிடாதீங்க. கார் வந்த காலத்துலேர்ந்தே இந்தக் கெட்டி மணல்ல ஜனங்க வண்டி ஓட்டிட்டு இருக்காங்க. 1976ல கடலோரச் சட்டம் வந்துச்சு, 1982ல கடலோரத்தைக் கவனிக்கிற மாநில அமைப்பான கடலோர ஆணையம், இந்த இடத்தை நடத்துற பூங்காத் துறைக்கு ஒரு பர்மிட் கொடுத்துச்சு. முடிஞ்சது வரலாறு.

இல்ல, ஒண்ணு சொல்லாம போனா எனக்கு சோறு இறங்காது. இதே மணல்மேட்டுத் தொடரோட தெற்குப் பக்கம் 1923ல செசில் பி. டெமில்ங்கிற டைரக்டர் ஒரு மௌனப் படத்துக்காக எகிப்து நகரத்தையே செட் போட்டார். 21 ஸ்பிங்க்ஸ் சிலை, எல்லாம் பிளாஸ்டர். ஷூட்டிங் முடிஞ்சதும் அப்படியே மணலுக்குள்ள புதைஞ்சு போச்சு. 2017ல தோண்டி ஒரு ஸ்பிங்க்ஸ் தலையை வெளியில எடுத்தாங்க! நாளைக்கு எவனாவது இதை நிஜ எகிப்துன்னு நம்பி ஒரு தியரி விடப் போறான், எழுதி வச்சுக்கோங்க.

சரி, சண்டைக்கு வருவோம். முதல்ல வண்டிக்காரங்க பக்கம். எல்லாரும் இவங்களை வில்லன் ஆக்கிட்டுத்தான் ஆரம்பிக்கிறாங்க, நான் அதைப் பண்ணப் போறதில்ல.

[திரையில்: மணல்மேட்டு உச்சிக்குப் பின்னாடி ஒரு சின்ன ஆரஞ்சு கொடி மட்டும் ஆடிக்கிட்டே மேல வருது]

இந்தக் கொடியைப் பாருங்க. அங்க ஓட்டுற ஒவ்வொரு ஆஃப் ரோடு வண்டியிலயும் நீளமான கம்பி, அதோட நுனியில தரையிலேர்ந்து எட்டு அடி உயரத்துல சிவப்பு இல்லைன்னா ஆரஞ்சு கொடி கட்டியிருக்கணும். ரூல். ஏன்னா நீங்க மேட்டுல இந்தப் பக்கம் ஏறும்போது அந்தப் பக்கத்துலேர்ந்து ஒருத்தன் ஏறிட்டு வருவான். ரெண்டு பேருக்கும் ரெண்டு பேரும் தெரியாது. வண்டிக்கு முன்னாடி கொடி தலை காட்டும். அந்த ஒரு நொடிதான் உயிர். நம்ம ஊர் தேர்ல கொடி ஆடுறதைப் பார்த்து தேர் வருதுன்னு தெரிஞ்சுப்போமே, கிட்டத்தட்ட அதே கணக்கு.

அப்புறம் காத்து. டயர்ல பாதிக்கு மேல காத்தை இறக்கிடுவாங்க. டயர் சப்பையாகி மணல் மேல அகலமா உட்காரும், புதையாது. இது தெரியாம ரோட்டுலேர்ந்து அப்படியே இறங்குற புண்ணியவான்கள் தினமும் உண்டு. போதாக்குறைக்கு ஓட்டுற இடத்துக்குப் போற வழியில அரோயோ கிராண்டேன்னு ஒரு ஓடை, பீச்சைக் குறுக்கே வெட்டிக்கிட்டு கடல்ல கலக்குது. பாலம் கிடையாது. ஓடையைத் தாண்டித்தான் போகணும். கடல் ஏறிட்டு வரும்போது நடுவுல மாட்டுன கேம்பர் வண்டியைப் பார்த்தா, பக்கத்துல கட்டி இழுக்கிற வண்டிக்காரர் கையைக் கட்டிக்கிட்டு பொறுமையா நிப்பார். பேரம் பேச அவருக்கு அவசரமே இல்ல. கடல் அவர் பார்ட்னர்.

சிரிப்பு இருக்கட்டும். இவங்க சொல்ற ரெண்டு வாதத்தை நேர்மையா கேளுங்க. ஒண்ணு, காசு. கடல் ஓரம் ஹோட்டல்ல தங்கணும்னா ஒரு ராத்திரிக்கே நூத்துக்கணக்குல டாலர் போகும். இங்க ரொம்ப காலம் ராத்திரிக்கு பத்து டாலர்தான், அலை சத்தத்துக்கு பக்கத்துலயே தங்கலாம். ஃப்ரெஸ்னோ, பேக்கர்ஸ்ஃபீல்டு மாதிரி வெயில் கொளுத்துற உள்நாட்டு ஊர்லேர்ந்து கூலி வேலை பார்க்கிற குடும்பங்க, தாத்தா பேரன் சகிதமா, மூணு தலைமுறையா வர்றாங்க. ரெண்டாவது, இந்த மாதிரி பூங்காக்களுக்கு ஆகுற செலவுல பெரும்பங்கு ஆஃப் ரோடு வண்டிக்காரங்க போடுற பெட்ரோல் வரியும் அவங்க பதிவுக் கட்டணமும்தான். "எங்க காசுல நடக்கிற இடத்துலேர்ந்து எங்களையே துரத்துறீங்களா?"ன்னு கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

இப்போ அந்தப் பறவை. இதுக்காகத்தான் இந்த வீடியோவே எடுத்தேன், அதனால நிறுத்தி நிதானமா சொல்வேன், ஸ்கிப் பண்ணாதீங்க.

ஸ்னோயி பிளவர். நம்ம ஊர்ல இந்தக் கூட்டத்துக்கு உப்புக்கொத்தின்னு பேரு. எடை நாப்பது கிராம் சொச்சம். ஒரு கோழிமுட்டை இதை விட கனம்! வெளுத்த மணல் கலர் முதுகு, வெள்ளை வயிறு. கூடுன்னு ஒண்ணு கிடையாது. மணல்ல நெஞ்சை வச்சுத் தேய்ச்சு ஒரு சின்ன குழி, அதுல ரெண்டு சிப்பித் துண்டு, மூணு முட்டை. முட்டை மேல கரும்புள்ளி, மணலோட மணலா இருக்கும். நரி, காக்காகிட்டேர்ந்து தப்பிக்க லட்சக்கணக்கான வருஷம் வேலை செஞ்ச டெக்னிக் இது. கண்ணுக்கே தெரியாம இருக்கிறதுதான் அதோட கோட்டை. மணிக்கு 15 மைல் வேகத்துல வர்ற ட்ரக்குக்கு முன்னாடி அதே கோட்டை அதுக்குக் குழி.

குடும்பக் கதை இன்னும் சுவாரஸ்யம். குஞ்சு பொரிக்க நாலு வாரம் ஆகும். பொரிஞ்ச சில மணி நேரத்துலயே குஞ்சு எழுந்து ஓட ஆரம்பிச்சுடும், சாப்பாட்டை அதுவே தேடிக்கும். உடனே அம்மா என்ன பண்ணும் தெரியுமா? பல தடவை, "நீயே பார்த்துக்கோய்யா"ன்னு கிளம்பிப் போய் வேற ஆணோட அடுத்த குடும்பம் ஆரம்பிச்சுடும். அதுக்கப்புறம் ஒரு மாசம் போல அப்பாதான் எல்லாம். யாராவது கிட்ட வந்தா இறக்கை ஒடிஞ்ச மாதிரி நடிச்சு, தரையில இழுத்துக்கிட்டு, எதிரியைத் தன் பின்னாடி கூட்டிட்டுப் போகும். நரி ஏமாறும். டயருக்கு நடிப்பு புரியாது.

இந்தக் குஞ்சுங்க பறக்கக் கத்துக்கிறதுக்கு முன்னாடி, தீப்பெட்டி உயரம் கூட இல்லாத காலத்துல, ஒரு ஆழமான டயர் தடத்துக்குள்ள இறங்கிட்டா அதுக்கு அது பள்ளத்தாக்கு. நான் இதைப் படிச்சப்போ ரெண்டு நிமிஷம் போனைக் கீழ வச்சுட்டேன்.

இதுல நமக்கு ஒரு சொந்தம் இருக்கு. ஸ்னோயி பிளவரை 2011 வரைக்கும் கெண்டிஷ் பிளவர்ங்கிற பறவையோட ஒரு கிளைன்னுதான் அமெரிக்கப் பறவையியல்காரங்க வச்சிருந்தாங்க. அந்தக் கெண்டிஷ் பிளவர் குளிர்காலத்துல நம்ம கடற்கரைக்கு வருது. அதே குடும்பத்துல இலங்கையிலயும் தென்னிந்தியாவுலயும் வருஷம் பூரா இருக்கிற ஒண்ணை 2023ல தனி இனம்னு பிரிச்சாங்க. பேரு என்ன தெரியுமா? அனுமன் பிளவர்! மன்னார், ராமர் பாலம் பக்கத்துல வாழுறதால அந்தப் பேரு. ஆக கலிபோர்னியாவுல கோர்ட்டு கேஸ் நடக்கிறது நம்ம அனுமன் உப்புக்கொத்தியோட ஒண்ணுவிட்ட சித்தப்பா பையனுக்கு.

1993ல பசிபிக் கரையோர ஸ்னோயி பிளவரை, அழியும் நிலையை நோக்கிப் போற பறவைன்னு மத்திய சட்டத்துல சேர்த்தாங்க. அதுக்கப்புறம் மார்ச்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் சுமார் 300 ஏக்கருக்கு வேலி போட்டாங்க. வண்டி உள்ள வராது, பறவையும் நல்லாத்தான் பெருகுச்சு. 2020 மார்ச்ல கோவிட்டுக்காக மொத்த பீச்சையும் வண்டிக்கு மூடினதும் பறவைங்க வேலிக்கு வெளியிலயும் குழி பறிக்க ஆரம்பிச்சுடுச்சு. அங்க கூடு வந்துட்டா திரும்பத் திறக்க முடியாதேன்னு, பூங்காக்காரங்களே அதுங்களை அங்க கூடு கட்ட விடாம பண்றாங்கன்னு புகார் கிளம்புச்சு. கடலோர ஆணையம் நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. ஒரே மாநில அரசோட ஒரு கை இன்னொரு கையைப் பிடிச்சு முறுக்குது, கவனிச்சீங்களா?

சரி, பறவை முடிஞ்சுது. தூசிக்கு வாங்க, இங்கதான் மனுஷன் வர்றான்.

காத்து வடமேற்குலேர்ந்து, அதாவது கடல்லேர்ந்து நிலத்துக்கு அடிக்குது. பூங்காவுக்குப் பின்னாடி நிபோமோ மேசான்னு ஒரு மேட்டு நிலம், நிறைய வீடு. அங்க காத்துல நுண்தூசி அளவு எகிறுது. ஒவ்வொரு துகளும் அதிகபட்சம் பத்து மைக்ரான் சைஸ், அதாவது நம்ம தலைமுடி தடிமன்ல ஏழுல ஒரு பங்கு. எல்லாரும் நினைக்கிறது வண்டி கிளப்புற புழுதின்னு. மேட்டர் அது இல்ல. கடலோரத்துல மணல் மேல செடி முளைச்சு சின்னச் சின்ன மேடா, ஒரு தடுப்புச் சுவர் மாதிரி உருவாகும். தினமும் டயர் ஏறுனா அந்தச் செடி தங்காது, மேடு உருவாகாது. பெரிய காத்து அடிக்கிற அன்னைக்கு, பீச்ல ஒரு வண்டி கூட இல்லைன்னாலும், மொட்டை மணல் துள்ளித் துள்ளி ஓடி தூசியைக் கிளப்பி விட்டுடும். 2011ல உள்ளூர் காற்றுத் தர அதிகாரிங்க இதுக்குன்னே ஒரு விதி போட்டாங்க, 2018ல கட்டாய உடன்பாடு ஒண்ணு வந்துச்சு, அப்புறம் 48 ஏக்கர்ல செடி நட்டு மேடு வளர்க்கிறாங்க. வண்டிக்காரங்க பக்கம், "அந்தத் தூசியில கடல் உப்பும் மத்ததும் இருக்கு, மணல்மேடு எங்களுக்கு முன்னாடியே இருக்கு, வீடுதான் அப்புறம் வந்துச்சு"ன்னு பதில். இதுல பாதி எனக்கும் சரியாப்படுது. ஆனா மூச்சு விடுறதுக்கு யாரும் சீனியாரிட்டி காட்ட வேண்டியதில்ல.

ஆட்டம் முடியப் போகுதுன்னு எல்லாரும் நினைச்சது 2021 மார்ச் 18. கடலோர ஆணையம் ஒருமனதா ஓட்டுப் போட்டுச்சு: மூணு வருஷத்துக்குள்ள ஆஃப் ரோடு வண்டிங்க மொத்தமா வெளிய. காரணம், சட்டப்படி இது உணர்திறன் மிக்க வாழிடம், அதாவது சுலபமா பாதிக்கப்படுற செடி, பறவைங்க வாழுற இடம், அங்க அந்த இடத்தையே நம்பியிருக்கிற பயன்பாடு மட்டும்தான் இருக்கலாம். எனக்கு உடனே தோணுச்சு: மணல்மேட்டுல பைக் ஓட்டுறவன் மணல்மேட்டை நம்பித்தானேய்யா இருக்கான்! வேற எங்க போய் ஓட்டுவான், மாடியிலயா?

வண்டிக்காரங்க சங்கம் கோர்ட்டுக்குப் போச்சு. 2023 ஜூலையில உள்ளூர் நீதிமன்றம் தீர்ப்பு: ஆணையத்துக்கு அந்த அதிகாரமே இல்ல. பறவை ஜெயிச்சுதா, வண்டி ஜெயிச்சுதாங்கிற கேள்விக்கே கோர்ட்டு போகல. பர்மிட் பூங்காத் துறையோடது, அவங்க கேட்காம ஆணையம் தானா வந்து அதைத் திருத்த முடியாதுன்னு முடிச்சுட்டாங்க. ஆணையம் மேல்முறையீட்டுக்குப் போச்சு.

இந்த மண்ணுக்கு முதல்ல சொந்தக்காரங்க சுமாஷ் பழங்குடி மக்கள். அவங்க விட்டுட்டுப் போன சிப்பி மேடுங்க இந்த மணலுக்குள்ள இருக்கு. மேல டயர் ஓடுறது வேண்டாம்னு அவங்கள்ல பலர் சொல்றாங்க. இதுக்கே தனி வீடியோ போடணும், போடுறேன்.

என் கட்சி என்னன்னு கமெண்ட்ல கேட்பீங்க, இப்பவே சொல்லிடுறேன். கேம்பிங் இருக்கட்டும், அந்த பத்து டாலர் பீச் இருக்கட்டும், அதைத் தூக்குனா கடல் பணக்காரனுக்கு மட்டும்னு ஆயிடும். ஆனா ஒரு நாளைக்கு 2,580 சாதாரண வண்டி, 1,720 ஆஃப் ரோடு வண்டின்னு வச்சிருக்கிற உச்சவரம்பு இருக்கே, அதுல எனக்கு உடன்பாடு இல்ல. கடல் ஓரத்து முதல் வரிசை மணலைச் செடிக்கும் பறவைக்கும் விட்டுட்டு, எண்ணிக்கையை நல்லா வெட்டுனா ரெண்டு பக்கமும் என்னைத் திட்டும். திட்டட்டும்.

[திரையில்: மறுபடி அதே டயர் தடம். இந்த தடவை தடத்துக்குள்ள ரெண்டு சின்ன கறுப்புக் கண்ணு]

இப்பவாவது கண்டுபிடிச்சீங்களா? முதல்லயே கண்டுபிடிச்சவங்க கீழ "உப்புக்கொத்தி"ன்னு போடுங்க, பொய் சொல்லக் கூடாது. கலிபோர்னியாவுல இருக்கிற நம்ம ஆளுங்க யாராவது அந்த ஓடையில காரை விட்டு மாட்டியிருந்தா, கட்டி இழுக்க எவ்வளவு கேட்டான்னு மறக்காம எழுதுங்க. அதைத்தான் நான் முதல்ல படிப்பேன்.